மார்ன் ஆற்றுப் பாடம்

ஆற்றைப் பார்த்ததும் எனக்கு முதலில் வந்தது கோபம்தான். என் பெறாமகள், அக்காவின் மகள், பாரிசிலிருந்து என்னைக் காரில் கூட்டிக்கொண்டு வந்து, ஒரு சின்ன ஊரின் பாலத்தடியில் இறக்கிவிட்டு, "சித்தி, நீங்கள் கேட்ட ஆறு இதுதான். எல்லாரும் கோபுரம் பாக்கக் கேப்பினம், நீங்கள் இதுக்குத்தானே அடம்பிடிச்சனீங்கள்" என்றாள். இரண்டு கரையிலும் மரங்கள். மரங்களுக்கு மேலே சரிவு முழுவதும் திராட்சைக் கொடிகள், எண்ணெய் வைத்து வாரிய தலை போலக் கோடு கோடாக. தண்ணீர் ஓடுகிறதா நிற்கிறதா என்று அறிய நான் மிதக்கும் இலை ஒன்றைத் தேடவேண்டியிருந்தது. எங்கள் களனி கங்கை மழைக் காலத்தில் கலங்கிப் பெருகி வரும்போது கரையில் இருப்பவர்களை எழுப்பி, வீட்டைவிட்டுப் போ என்று சொல்லிவிடும். இது வாயைத் திறக்கவே இல்லை. செய்வதையெல்லாம் செய்துவிட்டு ஒன்றும் தெரியாதவர்கள் போல இருக்கிற மனிதர்களைக் கண்டால் எனக்கு என்ன வருமோ, அந்த ஆற்றைக் கண்டதும் அதுதான் வந்தது. பெறாமகள் படம் எடுக்கக் கூப்பிட்டாள். நான் மாட்டேன் என்றுவிட்டேன்.

அந்த ஆற்றை எனக்கு முன்பே தெரியும். யுத்த காலத்தில் வெள்ளவத்தையில், பலகைத் தடுப்பு ஒன்றுக்கு இந்தப் பக்கம் இருந்து பல வருடங்கள் அதன் புகழைக் கேட்டிருக்கிறேன். காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், துணிக்கடைக்கு மேல்மாடியில் எங்கள் டியூட்டரி இருந்தது. தடுப்புக்கு இந்தப் பக்கம் நான் டைப்பிங் படிப்பித்தேன். அந்தப் பக்கம் பிரெஞ்சு. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து லொட்ஜுகளிலும் அனெக்ஸுகளிலும் விசாவுக்காகக் காத்துக் கிடந்த பெண்களால் அந்தப் பக்கம் நிறைந்திருக்கும். பாதிப்பேர் புதிதாகக் கல்யாணம் முடித்தவர்கள். மீதிப்பேர் கல்யாணம் முடித்துப் பழசாகியும் புருசன் முகத்தைச் சரியாகப் பார்க்காதவர்கள். என் பக்கத்து டைப்ரைட்டர்களின் இரைச்சலில் வேறு ஒன்றும் கேட்காது. ஆனால் ஆற்றுப் பாடம் வந்துவிட்டால் என் மாணவிகளின் விரல்கள் தாமாகவே மெதுவாகும். தடுப்புக்கு அப்பால் பெண்கள் எல்லோரும் சேர்ந்து, பள்ளிக்கூடத்தில் தேவாரம் சொல்லிப் பழகிய அதே ராகத்தில், மார்ன் ஆறு திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே அமைதியாக ஓடுகிறது, அதன் கரைகளில் மனிதர்கள் அமைதியாக வாழ்கிறார்கள் என்று பிரெஞ்சில் சொல்வார்கள். அமைதி என்று யார் எதைச் சொன்னாலும் அந்த நாட்களில் எங்களுக்குக் காது கொடுக்கத் தோன்றும்.

படிப்பித்தவரை எல்லோரும் பிரெஞ்சு மிஸ் என்றே அழைத்தோம். கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கக் குடும்பம். சேலை கட்டமாட்டார், முழங்காலுக்குக் கீழே இறங்கும் பூப்போட்ட கவுன், கையில் ஒரு குடை, கழுத்தில் மெல்லிய சங்கிலி. கொன்வென்டில் கன்னியாஸ்திரிகளிடம் படித்த பிரெஞ்சு. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டால், "கேட்டவனை எனக்குப் பிடிக்கேல்லை, எனக்குப் பிடிச்சவன் கேக்கேல்லை, அவ்வளவுதான் டீச்சர்" என்பார். கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தைக்கு பஸ்ஸில் வருவதற்குள் எத்தனையோ இடத்தில் இறங்கி ஏறி அடையாள அட்டை காட்டவேண்டும். நாங்கள் எல்லோரும் அந்த இடங்களில் வாயை மூடிக்கொண்டு நிற்போம். மிஸ் கதைப்பார். ஒருமுறை ஒரு ஆமிக்காரப் பையன், "கொஹாடத யன்னே?" என்று எங்கே போகிறாய் எனக் கேட்டிருக்கிறான். பிரெஞ்சு படிப்பிக்கப் போகிறேன் மல்லி என்று, தம்பி முறை வைத்து, இவர் சிங்களத்தில் சொல்ல, எங்கே ஒன்று சொல்லிக் காட்டு என்றானாம். இவர் குடையை ஊன்றிக்கொண்டு ஆற்றுப் பாடத்தின் முதல் வரியைச் சொன்னாராம். அவன் சிரித்துவிட்டு, பஸ்ஸில் இருந்த மற்றவர்களை இறக்காமலே விட்டுவிட்டானாம். இதில் எவ்வளவு உண்மை என்று எனக்குத் தெரியாது. மிஸ் கதை சொன்னால் சீனி கொஞ்சம் கூடத்தான் போடுவார்.

அந்தப் பாடம் எந்தப் புத்தகத்திலும் இல்லை. மிஸ்ஸின் தகப்பன் துறைமுகத்தில் சரக்குக் கணக்கெடுக்கும் கிளாக்காக இருந்தவர். எப்போதோ வந்து போன பிரெஞ்சுக் கப்பல் ஒன்றில் அவருக்கு ஒரு கலண்டர் கொடுத்திருக்கிறார்கள். வருடம் முடிந்து தாள்கள் எல்லாம் கிழிந்து போன பிறகும் அதன் மேற்பாதிப் படம் அவர்கள் வீட்டு முன்னறைச் சுவரில், திரு இருதய ஆண்டவர் படத்துக்குப் பக்கத்தில், இடம்பிடித்து இருந்துவிட்டது. ஒரு ஆறு, ஒரு படகு, இரண்டு பக்கமும் கொடிகள், கீழே ஆற்றின் பெயர். அந்தப் படத்தைப் பார்த்தே மிஸ் பாடத்தை எழுதினார். பிரான்சைப் பற்றி அவருக்குக் கண்ணால் தெரிந்தது அவ்வளவுதான். ஒருநாள் அந்தப் படத்தை வகுப்புக்குக் கொண்டுவந்தார். யாழ்ப்பாணத்துப் பெண்கள் வீட்டுக்கு வீடு திராட்சைப் பந்தல் பார்த்து வளர்ந்தவர்கள். "மிஸ், இதில பந்தல் இல்லையே. பந்தல் இல்லாம எப்பிடிப் படரும்? இடுப்பளவு உயரத்தில வெட்டி விட்டிருக்கிறாங்கள்" என்று ஒருத்தி குறைபட்டாள். "அங்க எல்லாம் குனிஞ்சுதான் பிடுங்கவேணுமாம். உங்கட புருசன்மாருக்கு முதுகு நோகும், தைலம் கொண்டுபோங்கோ" என்றார் மிஸ். வகுப்பு முழுவதும் சிரித்தது.

மிஸ்ஸுக்கு ஒரு தம்பி. தாய் இறந்தபோது அவனுக்குப் பால்பல் விழவில்லை; மிஸ்தான் வளர்த்தெடுத்தார். தகப்பனைப் போலவே அவனும் துறைமுகத்துக்கு வேலைக்குப் போனான். வேலை முடிந்தால் மோதரைக் கடல். மீன்பிடிக்காரப் பையன்களோடு பாறையிலிருந்து குதிப்பதும் அலைக்குக் கீழே புகுந்து அந்தப் பக்கம் எழும்புவதும்தான் அவன் பொழுது. டியூட்டரிக்கு ஒன்றிரண்டு தரம் அக்காவைக் கூட்டிப்போக வந்திருக்கிறான். உப்புப் பிடித்துச் செம்பட்டையான தலையும், கதவு நிலையில் சாய்ந்து நின்று எங்கள் எல்லோரையும் பகிடி பண்ணுகிற வாயும். என்னைக் கண்டால், "டீச்சர் சிரிச்ச நாளை எனக்குச் சொல்லி அனுப்புங்கோ அக்கா, நான் லீவு போட்டுட்டு வாறன்" என்பான். எனக்குக் கோபம் வரும். அவன் போன பிறகு சிரிப்பும் வரும்.

கோட்டைப் பக்கம் குண்டு வெடித்த ஒரு மாதத்தில், கொட்டாஞ்சேனையில் தமிழ்ப் பையன்களை வீடு வீடாக வந்து பொலிஸ் ஜீப்பில் ஏற்றினார்கள். அவனையும் கொண்டுபோனார்கள். மிஸ் ஒவ்வொரு நாளும் சாப்பாட்டுப் பார்சலோடு பொலிஸ் வாசலில் போய் நின்றார். ஆள் திரும்பி வந்தபோது ஒரு காது வீங்கியிருந்தது, பகிடி நின்றிருந்தது. கடலுக்கும் போகவில்லை. வாசலில் ஜீப் சத்தம் கேட்டால் எழுந்து குசினிக்குள் போய் நிற்பான். அப்போதுதான் மிஸ் முடிவெடுத்தார். எங்கே அனுப்புவது என்பதில் அவருக்குச் சந்தேகமே இருக்கவில்லை. பிரான்ஸ்தான். தனக்குத் தெரிந்த பாஷை பேசுகிற ஊர் என்றால் தம்பிக்கு ஏதோ ஒரு துணை என்று அவர் நினைத்திருக்கவேண்டும். தகப்பன் மட்டும், "பாரிசில கடல் இருக்கா மகள்?" என்று கேட்டாராம். "இல்லை பப்பா, ஆறு இருக்கு" என்று இவர் சொன்னாராம். ஏஜென்ட் ஒருவன் மூலம் எங்கெங்கோ சுற்றி, பாதி வருடம் எந்தச் செய்தியும் இல்லாமல் எங்களைத் தவிக்கவிட்டு, அவன் பாரிசுக்குப் போய்ச் சேர்ந்தான்.

கொட்டாஞ்சேனை வீட்டில் டெலிபோன் இல்லை. அவன் சனிக்கிழமைகளில் டியூட்டரிக்குக் கூப்பிடுவான். மணி அடித்ததும் தடுப்பின் இரண்டு பக்கத்திலும் வேலை நின்றுவிடும். டெலிபோன் என் மேசையில் இருந்ததால் அக்காவும் தம்பியும் பேசியதில் எனக்குத் தெரியாதது கொஞ்சம்தான். பாரிசுக்கு வெளிப்புறத்தில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவினான். விசா கேட்டு எழுதிப் போட்டதற்குப் பதில் இல்லை. பகிடி மெல்ல மெல்லத் திரும்பியிருந்தது. மிஸ் ஒவ்வொரு முறையும் சாப்பாட்டை விசாரிப்பார், குளிரை விசாரிப்பார், பூசைக்குப் போனாயா என்று கேட்பார், கடைசியில், "மார்ன் ஆத்தைப் பாத்தியா?" என்பார். "அக்கா, நான் கோப்பை கழுவ வந்தனானா ஆறு பாக்க வந்தனானா?" என்று அவன் கத்துவது ரிசீவருக்கு வெளியே எங்களுக்கும் கேட்கும். "பாத்திட்டுச் சொல்லன். எத்தனை பேருக்கு அதைப் படிப்பிக்கிறன், அது உண்மையில அப்பிடி இருக்கா இல்லையா எண்டாவது எனக்குத் தெரியவேணாமா?" என்பார் மிஸ்.

செப்டம்பரில் அங்கே திராட்சை பிடுங்கும் காலம். விசா இல்லாத எங்கள் பையன்களை வான் வண்டியில் ஏற்றிக்கொண்டுபோய், தோட்டங்களில் இறக்கி வேலை வாங்குகிற ஆட்கள் இருந்தார்கள். அந்த வருடம் அவனும் போனான். கோப்பை கழுவுவதைவிட நல்லது என்றுதான் சொன்னான். ஆனால் எதற்காகப் போனான் என்று எங்களுக்குத் தெரியும். ஒரு சனிக்கிழமை மணி அடித்தது. "அக்கா, உன்ர கலண்டர் ஆத்துக்குப் பக்கத்தில நிக்கிறன்" என்றான். மிஸ் கதிரையில் உட்கார்ந்துவிட்டார். "எப்பிடி இருக்கு? சொல்லு, சொல்லு."

"சத்தமே இல்லை அக்கா. எங்கட கடல் கோவிச்சா கொச்சிக்கடை வரைக்கும் கேக்கும். இது பாவம், வாய் பேசாத பிள்ளை மாதிரி ஒரு பக்கத்தால போகுது."

"அப்ப எனக்காக ஒருக்கா அதில முழுகிட்டு வந்து சொல்லு. நான் எங்க பாக்கப்போறன்."

"கடைசி நாள் வேலை முடிய முழுகிறன். இப்ப முதுகை நிமித்தேலாது."

"தலையை நல்லாத் துவட்டு. சளி பிடிச்சிடும்."

அதுதான் அவர்கள் கடைசியாகப் பேசியது. கடலோரத்துப் பிள்ளைகள் தண்ணீரைக் காதால்தான் அறிந்து வைத்திருப்பார்கள். மோதரையில் எந்தப் பையனைக் கேட்டாலும், கடல் இரைந்தால் இறங்கக் கூடாது, அடங்கினால் இறங்கலாம் என்பான். அவன் அறிந்த கடலுக்கு அது போதும். சத்தம் போடாமல் அடியில் இழுக்கிற தண்ணீரைப் பற்றி அவனுக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லக்கூடியவர்கள் அந்தத் தோட்டத்தில் இருந்திருப்பார்கள். ஆனால் அவர்கள் பேசுவது அவனுக்கு விளங்காது. நெடுநாள் கழித்து நான் அந்தப் பாலத்தில் நின்றபோது, கரையில் ஒரு பலகை நட்டிருந்தது. பெறாமகளிடம் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். குளிக்கக் கூடாது என்று எழுதியிருக்கிறது என்றாள். அது அப்போதும் இருந்ததா என்று அவளுக்குத் தெரியவில்லை.

அடுத்த வாரம் கூப்பிட்டது அவன் இல்லை. அவனோடு திராட்சை பிடுங்கிய ஒரு யாழ்ப்பாணத்துப் பையன். மிஸ் வகுப்பில் இருந்தார். "அக்காவோ?" என்று கேட்டான். இல்லை, கூடப் படிப்பிக்கிறவள் என்றேன். அழுதுகொண்டே சொன்னான். கடைசி நாள் வேலை முடிந்து, மற்றவர்கள் சாமான் கட்டிக்கொண்டிருக்கும்போது, இவன் ஆற்றில் இறங்கியிருக்கிறான். அந்தக் கரை வரைக்கும் போய்க் கையைக் காட்டியிருக்கிறான். திரும்பி வரும்போது நடு ஆற்றில் தலை தெரியவில்லை. பகிடிக்கு முங்கியிருக்கிறான் என்று இவர்கள் நினைத்திருக்கிறார்கள். கத்திக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, பொலிசுக்குச் சொல்லப் போகிறோம் என்றபோது, கூட்டி வந்தவன் எல்லோரையும் வானில் ஏற்றிவிட்டான். ஒருவரிடமும் விசா இல்லை. பொலிஸ் வந்தால் எல்லோரையும் பிடித்து அனுப்பிவிடும் என்று சொன்னானாம். "உடுப்பு கரையிலயே கிடந்தது அக்கா. நான் எடுக்கப் போனனான், விடேல்லை" என்றான். ஊரின் பெயரைக் கேட்டேன். அவனுக்குத் தெரியவில்லை. பாலம் ஒன்று இருந்தது என்றான்.

நான் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவள். வகுப்பு முடிந்து பெண்கள் இறங்கிப் போன பிறகு மிஸ்ஸை இருக்க வைத்து, கேட்டதைக் கேட்டபடி சொன்னேன். அவர் அழவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார்: "உடுப்பு கரையில இருந்ததா?" ஓம் என்றேன். எழுந்து குடையை எடுத்தார். "பாத்தீங்களா டீச்சர், அந்தக் கரைக்குப் போயிருக்கிறான். அங்கால ஏறி எங்கயோ போயிட்டான். அந்த ஏஜென்ட் நாய்களிட்ட இருந்து தப்பத்தான். மோதரைப் பிள்ளை தண்ணியில சாகாது" என்றார். உடுப்பில்லாமல் எங்கே போவான் என்று நான் கேட்கவில்லை. அவர் படியில் இறங்கிய வேகத்தைப் பார்த்தால், தம்பி கீழே ஒழுங்கையில் நிற்கிறான் போல இருந்தது.

அதன்பிறகு அவர் அந்த நம்பிக்கையைக் கட்டிக் காத்த விதம் இருக்கிறதே, குழந்தையைக் கூட யாரும் அப்படி வளர்த்திருக்கமாட்டார்கள். விசா கிடைத்து விடைபெற வருகிற ஒவ்வொரு பெண்ணிடமும், போனதும் அந்த ஆற்றங்கரையில் விசாரி, ஒரு பக்கக் காது மந்தம், தலை செம்பட்டை என்று சொல்லி அனுப்புவார். அவர்கள் கண் கலங்கத் தலையாட்டுவார்கள். போன பிறகு ஒருத்தியும் கூப்பிடமாட்டாள். ஆற்றுப் பாடத்தை அவர் நிறுத்தவும் இல்லை. அமைதியாக ஓடுகிறது என்று பெண்கள் தடுப்புக்கு அப்பால் பாடும்போது நான் என் மாணவிகளை இன்னும் வேகமாக அடிக்கச் சொல்வேன். ஒருநாள் பொறுக்க முடியாமல், "செத்தவனை எத்தனை பேரைக் கொண்டு தேடுவிக்கப் போறீங்கள் மிஸ்?" என்று கேட்டுவிட்டேன். நான் கேட்டது பிழை என்று இன்றைக்கும் நினைக்கவில்லை. மிஸ் சில கிழமைகள் என்னோடு கதைக்கவில்லை. பிறகு ஒருநாள் என் மேசையில் ஒரு துண்டு லவ்கேக்கைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். எங்களுக்குள் சமாதானம் அவ்வளவுதான். அந்தக் கேள்வியை நான் மறுபடி கேட்கவில்லை.

நவம்பர் தொடக்கத்தில் இறந்த ஆத்துமாக்களுக்கான நாள் வரும். கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கர்கள் குடும்பம் குடும்பமாகச் சேமக்காலைக்குப் போய், கல்லறைகளைக் கழுவி, பூ வைத்து, மெழுகுதிரி கொளுத்துவார்கள். கல்லறை இல்லாதவர்களும் இருப்பார்கள்தானே: கடலில் போனவர்கள், வேறு ஊரில் புதைக்கப்பட்டவர்கள், எங்கே என்றே தெரியாதவர்கள். அவர்களுக்கு என்று சேமக்காலை நடுவில் உள்ள பெரிய சிலுவையின் அடியில் கொளுத்தும் வழக்கம் இருந்தது. யுத்த வருடங்களில் கல்லறைகளைவிட அந்தச் சிலுவையடியில்தான் வெளிச்சம் அதிகம். அந்த முதல் நவம்பரில் மிஸ் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். தாயின் கல்லறையில் கொளுத்தி ஜெபம் சொல்லி முடிந்ததும், தகப்பன் காற்சட்டைப் பையிலிருந்து இன்னொரு மெழுகுதிரியை எடுத்துக்கொண்டு சிலுவைப் பக்கம் நடந்தார். மெலிந்து வளைந்த மனிதர். துறைமுகத்தில் வெயில் தின்ற முகம். மிஸ் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தார்.

"ஆருக்குப் பப்பா?"

"உனக்குத் தெரியாதா மகள்?"

"அவன் உயிரோட இருக்கிறான். உயிரோட இருக்கிறவனுக்கு நீங்கள் இதைக் கொளுத்தக் கூடாது."

கிழவர் மகளின் முகத்தைப் பார்த்தார். என்ன கண்டாரோ, மெழுகுதிரியைத் திரும்பப் பைக்குள் வைத்துவிட்டார். எனக்கு அன்றைக்கு மிஸ்மீது வந்த ஆத்திரம் கொஞ்சமல்ல. பெற்றவனுக்கு அழக்கூட உரிமை இல்லையா என்று நினைத்தேன். பஸ்ஸில் திரும்பும்போதுதான் எனக்கு மெல்ல விளங்கியது. அந்த மெழுகுதிரி எரிந்தால் தம்பி செத்துவிட்டான் என்று ஆகும். தம்பி செத்துவிட்டால், எனக்காக ஒருக்கா முழுகிட்டு வா என்று சொன்ன வாய் அவருடையது. அந்தச் சனிக்கிழமை அவர் அதைச் சொன்னதை டியூட்டரியில் எல்லோரும் கேட்டிருந்தோம். அதன்பிறகு எங்களில் யாரும் அந்த நாளைப் பற்றிப் பேசியதில்லை.

வருடங்கள் போயின. கிழவர் மாறினார். மகள் சொல்லச் சொல்ல அவருக்கும் அது பிடித்துக்கொண்டது. நான் வீட்டுக்குப் போனால், "என்ர மகன் பிரான்சில. பேப்பர் கிடைச்சதும் கூப்பிடுவான்" என்று எனக்கே சொல்வார். மெழுகுதிரி வாங்குவதை விட்டுவிட்டார். மிஸ்ஸின் முகத்தில்தான் அந்த நம்பிக்கை வருடத்துக்கு வருடம் இளைத்துக்கொண்டு வந்தது. தகப்பன் பேசும்போது அவர் எழுந்து தேத்தண்ணி போடப் போய்விடுவார்.

வடமராட்சியிலிருந்து வந்த ஒரு பெண் அந்தக் காலத்தில் மிஸ்ஸின் வகுப்பில் இருந்தாள். நல்ல பிள்ளை, ஆனால் பிரெஞ்சு மட்டும் நாக்கில் ஏறாது. மற்றவர்கள் கடையில் சாமான் வாங்கவும் டொக்டரிடம் நோய் சொல்லவும் பழகிவிட்ட பிறகும், அவள் ஆற்றுப் பாடத்திலேயே நின்றாள். விசா வந்து அவள் போகும்போது அது ஒன்றுதான் பாடமாகியிருந்தது. மிஸ் அவளிடமும் வழக்கம்போல் சொல்லி அனுப்பினார். ஒரு செப்டம்பர் கழிந்து, ஒரு சனிக்கிழமை என் மேசையில் மணி அடித்தது. அவள்தான். மிஸ் ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு நின்றார். அவள் உரத்துப் பேசுகிறவள். எனக்கு எல்லாம் கேட்டது.

புருசனின் லீவு நாட்களில் எல்லாம் அவனை இழுத்துக்கொண்டு, ஆற்றோரம் பாலம் உள்ள ஊர் ஊராகப் போயிருக்கிறாள். ஒவ்வொரு ஊரிலும் நகரசபைக் கந்தோருக்குள் போய் நின்றிருக்கிறாள். "எனக்கு வேற ஒண்டும் தெரியாதுதானே மிஸ். முதல்ல பாடத்தைத்தான் சொன்னனான். இவர் வெக்கத்தில வெளியில போய் நிண்டிட்டார். சில இடத்தில சிரிச்சவை. இந்த ஊரில இருந்த மனிசி சிரிக்கேல்லை. முழுக்கச் சொல்லி முடியும்வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தவ. பிறகு இவரைக் கூப்பிட்டு மிச்சத்தைச் சொல்லுவிச்சனான்." பிறகு, "மிஸ், குறை நினைக்காதேங்கோ. உங்கட தம்பி அரையில கறுத்த நூல் கட்டி, அதில அந்தோனியார் பதக்கம் கோத்திருந்தவரோ?" என்று கேட்டாள்.

மிஸ் மேசையைப் பிடித்துக்கொண்டார். தாய் கட்டிவிட்டது அது. எந்நேரமும் கடலில் கிடக்கிற பிள்ளையைக் கடல் கொண்டுபோகக் கூடாது என்று, கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் மந்திரித்துக் கட்டியது. தாய் போன பிறகு ஒவ்வொரு வருடமும் அந்தோனியார் திருநாளுக்கு மிஸ் புதுநூல் மாற்றுவார். மீசை முளைத்த பிறகும் அவன் கழற்றவில்லை. பிரான்சில் பதக்கத்தைக் கழுத்தில் போடுவார்கள். அரையில் கட்டிய ஒருவனை அந்த ஊரில் யாரும் பார்த்ததில்லை. அதனால்தான் கந்தோர்க்காரிக்கு நினைவு இருந்திருக்கிறது. படகுகளை ஏற்றி இறக்கும் மதகு ஒன்றடியில், சில நாள் கழித்து, ஆள் கிடைத்திருக்கிறது. பெயர் தெரியவில்லை. பதக்கத்தைக் கண்டு, தங்கள் வேதத்தவன்தான் என்று பாதிரியாரைக் கூப்பிட்டு, ஊர்ச் சேமக்காலையின் ஓரத்தில் புதைத்து, பெயரில்லாத ஒரு மரச் சிலுவை நட்டிருக்கிறார்கள். பதக்கத்தை மட்டும் கந்தோரில் எடுத்து வைத்திருந்து அவளுக்குக் காட்டியிருக்கிறார்கள்.

"பதக்கம் ஒரு பக்கம் தேஞ்சதா?" என்று மட்டும் மிஸ் கேட்டார். "ஓம் மிஸ்" என்றாள் அவள். மிஸ் அவளுக்கு நன்றி சொன்னார். சாப்பாடு எப்படி, குளிர் எப்படி, புருசன் நல்லாப் பார்க்கிறானா என்றெல்லாம் விசாரித்தார். ரிசீவரை வைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார். அத்தனை வருடத்து அழுகையும் சேர்த்து அழுதார். நான் என் மாணவிகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

தகப்பனிடம் அவரால் சொல்ல முடியவில்லை. நவம்பர் வரட்டும் என்றார். அந்த நாள் பின்னேரம் மூவருமாகப் போனோம். துறைமுகப் பக்கமிருந்து காற்று அடித்துக்கொண்டிருந்தது. தாயின் கல்லறையில் ஜெபம் முடிந்ததும், மிஸ் தகப்பனின் கையைப் பிடித்துச் சிலுவையடிக்குக் கூட்டிக்கொண்டு போனார். சுற்றிலும் சனம். ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு சின்ன வெளிச்சம். மிஸ் ஒரு மெழுகுதிரியை எடுத்துக் கிழவரின் கையில் வைத்தார்.

"பப்பா, இது தம்பிக்கு."

கிழவர் மெழுகுதிரியைப் பார்த்தார். "அவனுக்கு என்னத்துக்கு? அவன் உயிரோட இருக்கிறான் எண்டு நீதானே சொன்னனீ."

"நான் சொன்னது பிழை பப்பா."

"பேப்பர் கிடைச்சதும் கூப்பிடுவான். சலூன்காரனிட்டயும் சொல்லிப்போட்டன்" என்றார் கிழவர், அதை இனி எப்படி மாற்றுவது என்பது போல.

மிஸ் எல்லாவற்றையும் சொன்னார். மதகைச் சொன்னார், பாதிரியாரைச் சொன்னார், மரச் சிலுவையைச் சொன்னார். அரைநூலைச் சொன்னபோது கிழவர் இருக்க இடம் தேடினார். சிலுவையின் படியில் பிடித்து இருத்தினோம். மிஸ் அவர் முன்னால், புழுதியில், முழங்காலில் நின்றார். "நான்தான் பப்பா. அவன் பேசாமக் கோப்பை கழுவிக்கொண்டிருந்தவன். நான்தான் ஆத்தைப் போய்ப் பார், அதில முழுகு எண்டு சொன்னனான்." அவர் அதை வாய்விட்டுச் சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

பக்கத்தில் யாரோ ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். கிழவர் மகளின் தலையில் கை வைத்தார்.

"அவனை முதல் முதல் கடலுக்குள்ள தூக்கிப் போட்டது நான்தான் மகள். அப்ப அவன் என்ர கழுத்தைக் கட்டிப் பிடிச்சுக் கத்தினவன். பயப்பிடாத, பயப்பிடாத எண்டு சொல்லிச் சொல்லித்தான் பழக்கினனான். பயப்பிடு எண்டு ஒரு நாளும் சொல்லேல்லை."

நெருப்புப்பெட்டியைக் கேட்டார். மிஸ் கொடுத்தார். காற்றில் குச்சி அணைந்தது. இன்னொன்றைத் தட்டினார், அதுவும் அணைந்தது. மிஸ் ஒரு பக்கமும் நான் மறுபக்கமுமாகக் குனிந்து, கைகளை விரித்துக் காற்றை மறைத்துக்கொண்டு நின்றோம். கிழவர் அவசரப்படாமல் அடுத்த குச்சியை எடுத்தார்.